பழைய மோட்டார் சைக்கிளுக்கு எந்த எண்ணெய்?



கோத்தா திங்கி வட்டாரத்தில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவதும் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதும் ஒன்றுதான். நாம் ஹெங், ரெம், பாசாக், தாய் தாக் என்று எந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னாலும், அங்கே வாழ்ந்த குடும்பங்களின் கதையில் ஒரு சின்ன ஹோண்டா வந்து நிற்கும். பெரட்டுக்கு ஆளைக் கொண்டு போனதும் அதுதான். பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டதும் அதுதான். காய்ச்சல் கண்டவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அதுதான்.

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பலவற்றுக்கு வீடு போயிற்று, கொல்லை போயிற்று. வண்டி மட்டும் கொட்டகை மூலையில் தங்கிவிட்டது. இன்று பேரப்பிள்ளைகள் அதை வெளியே இழுத்துத் தூசி தட்டுகிறார்கள். புதுச் சாயம் பூசுகிறார்கள், குரோமியம் ஏற்றுகிறார்கள், இருக்கையை மாற்றுகிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனையும் செய்துவிட்டுக் கடைசியில் பட்டறையில் சொல்வது என்ன? "தவுக்கே, மினியாக் ஈத்தாம் ஏதாவது ஒன்று ஊற்றி விடுங்கள்."

இந்த "ஏதாவது ஒன்று" என்ற சொல்தான் இன்றைய பேச்சுக்குப் பொருள். சாயம் தவறாகப் போனால் மறுபடி பூசிக் கொள்ளலாம். எண்ணெய் தவறாகப் போனால், கேம் ஷாப்ட் தேய்ந்த பிறகுதான் தெரியும். நாற்பது வருடத்து வண்டிக்கு அசல் கேம் ஷாப்ட் எந்தக் கடையில் கிடைக்கும்?

வண்டி எங்கிருந்து வந்தது?

ஹோண்டா சூப்பர் கப் ஜப்பானில் முதலில் வெளிவந்தது 1958-ல். அதே ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். பின்னர் சாதாரண மக்கள் வாயில் "பூன் சியூ" என்பதே ஹோண்டாவுக்கு இன்னொரு பெயர் போல் ஆகிவிட்டது. 2017-ல் சூப்பர் கப் வகை வண்டிகளின் உலக உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. உலகில் வேறு எந்த மோட்டார் வாகன வகையும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

மலேசியாவில் "கப்சாய்" என்று செல்லமாக அழைக்கப்படும் வண்டிகளுக்கெல்லாம் மூத்தது இந்தக் குடும்பம். அதில் சி-70 என்ற 72 சி.சி. வண்டியைத்தான் இன்று இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதன் எஞ்சினில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் எண்ணெய்தான் கொள்ளும். அந்த முக்கால் லிட்டர் செய்யும் வேலையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

எண்ணெய் வழுக்க மட்டும் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வழுக்குவது ஒரு வேலை. காற்றால் குளிரும் எஞ்சினில் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே எடுத்துவருவது இரண்டாவது வேலை. கரியைக் கழுவுவது மூன்றாவது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள சந்தை அடைப்பது நான்காவது. இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது ஐந்தாவது. காரில் எஞ்சின் எண்ணெயின் வேலை இதோடு முடிந்தது. கப்சாயில் முடியவில்லை. அதே எண்ணெய்தான் கியர் பற்களையும் நனைக்கிறது. அதே எண்ணெயில்தான் கிளட்ச் தகடுகளும் மூழ்கியிருக்கின்றன.

கிளட்ச் எங்கே குளிக்கிறது?

பழைய வண்டிக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல, விளம்பரப் பெயரும் அல்ல. கிளட்ச் எந்த எண்ணெயில் குளிக்கிறது என்பதே முதல் கேள்வி.

கியர் பற்கள் வழுக்க வேண்டும். கிளட்ச் தகடுகள் வழுக்கக் கூடாது. ஒன்றையொன்று இறுகப் பிடிக்க வேண்டும். ஒரே எண்ணெய் இந்த இரண்டு எதிரெதிரான வேலைகளையும் செய்தாக வேண்டும். கார்களுக்கான புதிய எண்ணெய்களில் எரிபொருளைச் சிக்கனப்படுத்த உராய்வைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள். பெரும்பாலான கார்களில் கிளட்ச் எஞ்சின் எண்ணெயைத் தொடுவதில்லை. ஆகவே அங்கே தொல்லை இல்லை. அதே எண்ணெயைக் கப்சாயில் ஊற்றினால் கிளட்ச் நழுவத் தொடங்கும்.

கிளட்ச் நழுவினால் என்ன ஆகும்? முடுக்கியைத் திருகினால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. வீட்டு முன்னால் இப்படி நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்தச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரியை முந்தும்போது, எதிரே ஒரு டேங்கர் வரும் நேரத்தில் வண்டி நகரவில்லை என்றால் அது எண்ணெய்ப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்காகவே ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோ 1998-ல் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென்று தனித் தரத்தைக் கொண்டு வந்தது. புட்டியில் "ஜாசோ எம்.ஏ." என்று இருந்தால், கிளட்ச் பிடிக்கும் அளவுக்கு உராய்வு உள்ள எண்ணெய் என்று பொருள். "எம்.ஏ.2" என்றால் அந்தப் பிடிப்பு இன்னும் கூடுதல். "எம்.பி." என்றால் உராய்வு குறைந்தது, அது கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. மூன்றும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எழுத்தைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

புட்டியின் பின்புறத்தில் வட்ட முத்திரை ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் "எனர்ஜி கன்சர்விங்" அல்லது "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று எழுதியிருந்தால் அந்தப் புட்டியை அப்படியே திருப்பி வைத்துவிடலாம். அது காருக்கு.

எண்களின் பொருள்

அடுத்தது எண். 10-டபிள்யூ-40, 20-டபிள்யூ-50 என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்துப் பலரும் குழம்புகிறார்கள். "டபிள்யூ" என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. எஸ்.ஏ.இ. தரப்படி 10-டபிள்யூ எண்ணெயைக் கழித்தல் 25 பாகை செல்சியஸ் குளிரிலும், 20-டபிள்யூ எண்ணெயைக் கழித்தல் 15 பாகைக் குளிரிலும் சோதிக்கிறார்கள். கோத்தா திங்கியில் மார்கழி மழையில் நடுங்கினால்கூட வெப்பம் 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே இங்குள்ளவர்களுக்கு முதல் எண்ணைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

இரண்டாவது எண்தான் முக்கியம். அது எஞ்சின் சூடேறிய நிலையில், அதாவது 100 பாகையில், எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 30 என்றால் இளம் பாகு, 40 என்றால் நடுத்தரம், 50 என்றால் கெட்டிப் பாகு.

"பழைய வண்டிதானே, கெட்டியாகவே ஊற்றுவோம்" என்று சொல்பவர்கள் உண்டு. அது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பழைய ஹோண்டா கையேடுகள் வெப்பமான பகுதிகளுக்கு எஸ்.ஏ.இ. 30 போன்ற எண்ணெயையும், பிற்பாடு 10-டபிள்யூ-40 எண்ணெயையும் சொல்லியிருக்கின்றன. அந்தச் சின்ன எஞ்சின் வேகமாகச் சுழலும். அதன் எண்ணெய்ப் பாதைகள் ஒடுக்கமானவை. மேலே இருக்கும் கேம் ஷாப்டுக்கு எண்ணெய் சட்டென்று ஏறிப் போக வேண்டும். 50-ஐ ஊற்றினால் காலையில் முதல் உதை உதைத்தவுடன் மேலே எண்ணெய் போய்ச் சேரத் தாமதமாகும். எஞ்சின் தேய்மானத்தில் பெரும் பங்கு இந்த முதல் சில விநாடிகளில் நடப்பது. நல்ல நிலையில் உள்ள சி-70 வண்டிக்கு 10-டபிள்யூ-40, ஜாசோ எம்.ஏ. போதும். வளையங்கள் தேய்ந்து புகை தெரியும் வண்டியில் 20-டபிள்யூ-50 கொஞ்ச நாள் கை கொடுக்கும். ஆனால் அது ஊன்றுகோல்தான், வைத்தியம் அல்ல. வைத்தியம் என்றால் சிலிண்டரைத் திறக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரு எண் எண்ணெய்களில் சூட்டிலும் கெட்டித்தன்மை குறையாதிருக்க நீண்ட இழை போன்ற ஒரு வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். கியர் பற்கள் அந்த இழைகளைக் கத்தரிக்கோல் போல நறுக்கிவிடும். நாளடைவில் 40 என்று வாங்கிய எண்ணெய் 30 போல் நீர்த்துப் போகும். இரண்டு எண்களுக்கும் இடைவெளி அதிகமானால் பொதுவாக இந்த இழையும் அதிகம் வேண்டியிருக்கும். ஆகவே 5-டபிள்யூ-50 என்ற பெரிய இடைவெளியைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

புல்லட்டுக்கும் பிரிட்டிஷ் வண்டிக்கும்

எல்லாக் கொட்டகையிலும் ஹோண்டாதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. தோட்டத்துரைகள் ஓட்டிய காலத்து பி.எஸ்.ஏ., டிரயம்ப், நார்ட்டன் வண்டிகளைப் பாதுகாப்பவர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலோ பழைய வண்டி என்றாலே புல்லட்தான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்த புல்லட்டின் "டப் டப்" சத்தம் தமிழர் செவிக்குப் பழகிய சத்தம்.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்குத் தனியே ஒன்று, கிளட்சும் முதன்மைச் சங்கிலியும் இருக்கும் பக்கவாட்டுப் பெட்டிக்குத் தனியே ஒன்று. மூன்று அறை, மூன்று தேவை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான். எனவே எஞ்சினுக்கு 20-டபிள்யூ-50 ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. கிளட்ச் உள்ள அறைக்குத்தான் உராய்வு விதி பொருந்தும். கியர் பெட்டியில் வெண்கலப் புஷ்கள் இருந்தால், அங்கே ஊற்றும் கியர் எண்ணெயில் ஜி.எல்.-5 என்ற வகையைத் தவிர்ப்பது நல்லது. அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மம் மஞ்சள் உலோகத்தை அரிக்கக்கூடும். ஜி.எல்.-4 பாதுகாப்பானது.

பிற்காலத்தில் வந்த யு.சி.இ. எஞ்சின் புல்லட்டில் எஞ்சினும் கியரும் கிளட்சும் ஒரே எண்ணெய்க்கு வந்துவிட்டன. அங்கே 15-டபிள்யூ-50, ஜாசோ எம்.ஏ. என்று கதை மாறுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் எண்ணெயும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் தனி ஜாதி. மலேசிய இளைஞர்களின் கனவு வண்டியாக இருந்த யமஹா ஆர்.எக்ஸ்.-இசட், தமிழ்நாட்டில் 1985 முதல் 1996 வரை ஓடி விற்ற ஆர்.எக்ஸ். 100 ஆகியவற்றில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போகிறது. எரிந்து போகும் எண்ணெய் கரியும் புகையும் குறைவாக விட வேண்டும். அதற்கான தரம் ஜாசோ எப்.பி., எப்.சி., எப்.டி. என்று ஏறுமுகமாகப் போகும். எப்.சி., எப்.டி. இரண்டும் புகை குறைந்தவை. இந்த வண்டிகளின் கியர் பெட்டியில் இருப்பது வேறு எண்ணெய். அங்கே கிளட்ச் குளிப்பதால் மறுபடி எம்.ஏ. என்ற எழுத்துதான் வழிகாட்டி. ஒன்றுக்குரியதை இன்னொன்றில் ஊற்றிப் பிஸ்டன் பிடித்துக்கொண்ட வண்டிகள் பட்டறைகளில் ஏராளம். ஓடும்போது பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வாய்வழிச் செய்திகள்

பழைய வண்டிக்காரர்கள் கூடும் இடத்தில் சில செய்திகள் வேதவாக்குப் போல உலவுகின்றன. அவற்றைச் சற்று உரசிப் பார்ப்போம்.

முதல் செய்தி: "புது எண்ணெயில் துத்தநாகம் இல்லை, பழைய எஞ்சின் அழிந்துவிடும்." இதில் பாதி உண்மை இருக்கிறது. உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மம். பாஸ்பரஸ் கார்களின் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுப்பதால், இளகிய கார் எண்ணெய்களில் அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2004-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தில் அது 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றானது. ஆனால் ஜாசோ எம்.ஏ. தரமோ 0.08-க்குக் குறையக் கூடாது, 0.12-க்கு மிகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே சரியான மோட்டார் சைக்கிள் எண்ணெய் வாங்குபவர் துத்தநாகத்துக்காகத் தனி மருந்து வாங்கி ஊற்றத் தேவையில்லை.

இரண்டாவது செய்தி: "பழைய எஞ்சினுக்குப் பழைய எண்ணெய்தான் நல்லது." ஏ.பி.ஐ. அமைப்பே எஸ்.ஏ. என்ற எண்ணெய் 1930-க்குப் பிறகு செய்த பெரும்பாலான எஞ்சின்களுக்கும், எஸ்.பி. என்ற எண்ணெய் 1951-க்குப் பிறகு செய்தவற்றுக்கும் ஏற்றதல்ல என்று எச்சரிக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று புல் வெட்டும் இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெயைத் தாத்தாவின் வண்டிக்கு ஊற்றுவது மரியாதை ஆகாது.

மூன்றாவது செய்தி: "கழுவும் தன்மையுள்ள புது எண்ணெய் ஊற்றினால் எஞ்சின் அடைத்துக்கொள்ளும்." இதற்கும் ஒரு காரணம் உண்டு. பல வருடம் சாதாரண எண்ணெயில் ஓடிய எஞ்சினின் அடியில் கறுப்புச் சேறு படிந்திருக்கும். புது எண்ணெய் அதைப் பெயர்த்துவிடும். சி-70 வண்டியில் காகித வடிகட்டி கிடையாது. ஒரு கம்பி வலையும், சுழற்சியால் அழுக்கைப் பிடிக்கும் ஒரு வட்டக் குடுவையும்தான் இருக்கின்றன. பெயர்ந்த சேறு அங்கே போய் நிற்கும். அதற்காகப் புது எண்ணெயை ஒதுக்க வேண்டியதில்லை. முதலில் வலப்பக்க மூடியைத் திறந்து வலையையும் குடுவையையும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். புது எண்ணெய் ஊற்றி 200, 300 கிலோமீட்டரில் ஒரு முறை மாற்றிவிட வேண்டும். பிறகு பயமில்லை.

நான்காவது: "செயற்கை எண்ணெய் ஊற்றினால் வண்டி ஒழுகும்." செயற்கை எண்ணெய் நல்ல நிலையிலுள்ள ரப்பரைத் தின்பதில்லை. ஏற்கெனவே விரிசல் விட்ட பழைய சீல்களில் புகுந்து வெளியே வருகிறது, அவ்வளவுதான். குறைந்த சக்தி கொண்ட, அடிக்கடி எண்ணெய் மாற்றப்படும் பழைய எஞ்சினுக்குக் கனிம எண்ணெயே தாராளம். கூடுதல் பணத்தைச் செயற்கை எண்ணெயில் போடுவதைவிட, அதே பணத்துக்கு இருமுறை கனிம எண்ணெய் மாற்றுவது எஞ்சினுக்கு அதிக நன்மை.

ஐந்தாவது: "எண்ணெய் கறுத்துவிட்டது, கெட்டுவிட்டது." கறுப்பது எண்ணெய் கரியைக் கழுவுகிறது என்பதன் அடையாளம். பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. எண்ணெயில் பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் நிரம்பி வழிகிறது. எண்ணெய் தேத்தாரேக் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

வெள்ளம் தொட்ட எஞ்சின்

தண்ணீர் என்றதும் கோத்தா திங்கிக்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. 2006 டிசம்பரில் ஒரு முறையும், ஊர் மூச்சு விடுவதற்குள் 2007 ஜனவரியில் மறுமுறையும் ஜொகூர் ஆறு பட்டணத்துக்குள் புகுந்தது. அதன் பிறகும் 2021 ஜனவரியில் வெள்ளம் வந்தது. மனிதர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். வண்டிகள் நின்ற இடத்திலேயே மூழ்கின.

மூழ்கிய வண்டியைக் கண்டவுடன் பலரும் செய்யும் முதல் தவறு உதைத்துப் பார்ப்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது; கனெக்டிங் ராட் வளையும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். அடியில் உள்ள ஆணியைத் திறந்து எண்ணெயையும் தண்ணீரையும் முழுக்க வடிய விட வேண்டும். விலை மலிவான எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமலேயே மெதுவாகச் சுழற்றி, மறுபடி வடிக்க வேண்டும். வடியும் எண்ணெய் பால் போல் இல்லாமல் தெளிவாக வரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று, நான்கு முறைகூட ஆகலாம். அதன் பிறகே நல்ல எண்ணெய். இந்த வேலையை வெள்ளம் வடிந்த அன்றே தொடங்கினால் எஞ்சின் பிழைக்கும். ஒரு மாதம் தள்ளினால் பேரிங்குகள் துருவேறிவிடும்.

வெள்ளம் வராத நாளிலும் தண்ணீர் உண்டு. வாரம் ஒரு முறை கோயிலுக்கோ சந்தைக்கோ இரண்டு கிலோமீட்டர் போய்வரும் வண்டியின் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை. இந்த ஈரக் காற்றில் உள்ளே நீர்த்துளி பூக்கிறது. அந்த வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, மாதக் கணக்குதான் உதவும். 1,500 முதல் 2,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுவது நல்ல வழக்கம். மாதம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டினால் அந்த ஈரம் ஆவியாகிப் போகும்.

அளவையும் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் அளவுகோல் குச்சியைத் திருகாமல், துளையில் வைத்து எடுத்துப் பார்ப்பதே முறை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே அப்படியே பொருந்தும். எண்ணெய் அதிகமானால் உள்ளே நுரைத்து, அழுத்தம் ஏறி, சீல் வழியே வெளியே தள்ளும்.

வாங்கும் இடமும் கொட்டும் இடமும்

கோத்தா திங்கி மாவட்டத்தில்தான் பெங்கெராங் இருக்கிறது. பெட்ரோனாசும் சவுதி அராம்கோவும் சேர்ந்து அமைத்த அங்குள்ள சுத்திகரிப்பு ஆலைக்கு நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் உண்டு. இவ்வளவு பெரிய எண்ணெய்த் தொழில் பக்கத்தில் இருந்தும், தெருமுனைக் கடையில் வாங்கும் ஒரு புட்டி அசலா போலியா என்பதை வாங்குபவர்தான் பார்த்தாக வேண்டும். போலி எஞ்சின் எண்ணெயை உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் நாட்டின் பல இடங்களில் பறிமுதல் செய்திருக்கிறார்கள். ஊரெல்லாம் ஒரு விலை, ஒரு கடையில் மட்டும் பாதி விலை என்றால் சந்தேகப்பட வேண்டும். மூடியின் முத்திரை உடைந்திருக்கிறதா, புட்டியில் அச்சிட்ட தொகுதி எண் அழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலிப் புட்டியை மூடியோடு அப்படியே குப்பையில் போடுவது போலிக்காரருக்குக் கொடுக்கும் பரிசு. துளையிட்டுப் போடுவது நல்லது.

வாங்குவதற்கு இவ்வளவு யோசிக்கும் மனிதர், வடித்த எண்ணெயை என்ன செய்கிறார்? வேலிக் கம்பத்தில் கறையானுக்கு ஊற்றுகிறார். கால்வாயில் கொட்டுகிறார். மலேசியச் சட்டப்படி கழிவு மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் அட்டவணையிட்ட கழிவு. 2005-ஆம் ஆண்டு விதிமுறையில் அது தெளிவாக இருக்கிறது. ஒரு கேலன் கழிவு எண்ணெய் 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது.

கோத்தா திங்கியின் கால்வாய் எங்கே போகிறது? ஜொகூர் ஆற்றுக்கு. ஜொகூர் மக்கள் குடிப்பதும் அந்த ஆற்று நீர். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்வதும் அந்த ஆற்றிலிருந்துதான். பக்கத்துப் பாசிர் கூடாங்கில் 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய கழிவால் 111 பள்ளிகளை மூட நேர்ந்ததை ஜொகூர் மறந்திருக்காது. முக்கால் லிட்டர்தானே என்று ஒவ்வொருவரும் நினைத்தால் கணக்கு எங்கோ போய் நிற்கும். வடித்த எண்ணெயைப் பழைய புட்டியிலேயே ஊற்றி மூடி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். செலவில்லாத வேலை.

கடை முன்னால் நிற்கும்போது

நேயர்களே, சொன்னதையெல்லாம் ஒரு வரிசையில் வைத்துக்கொள்ளலாம். வண்டி இரண்டு ஸ்ட்ரோக்கா, நான்கு ஸ்ட்ரோக்கா? கிளட்ச் எந்த எண்ணெயில் குளிக்கிறது? தயாரித்தவரின் கையேடு சூடான ஊருக்கு எந்த எண்ணைச் சொல்கிறது? எஞ்சினுக்குள் பழைய சேறு துடைக்கப்பட்டதா? கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது? இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால், எந்த நிறுவனத்தின் புட்டி என்பது ஆறாவது கேள்விதான். அதற்குப் பதில், அசலாகக் கிடைக்கும் எதுவும்.

கையேடு தொலைந்துவிட்டது என்று சொல்பவர்கள் பலர். அந்த வண்டியை முப்பது வருடம் பார்த்த பட்டறைக்காரர் ஊரில் யாராவது இருப்பார். வீட்டில் அந்த வண்டியை ஓட்டிய பெரியவர் இருக்கலாம். அவரிடம் ஒரு முறை உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பது நல்லது. எத்தனை மைலுக்கு ஒரு முறை மாற்றினார், எதை ஊற்றினார், எந்த வருடம் எஞ்சினைத் திறந்தார் என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி, எண்ணெய் மாற்றும் நாளையெல்லாம் அதன் கீழே தொடர்ந்து எழுதி வரலாம். அடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளப் போகிறவருக்குச் சாயத்தையும் குரோமியத்தையும்விட அந்த நோட்டு அதிகம் உதவும்.